கறுப்புச் சட்டையும் முழுக்கையும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். நாலைந்து மாதமாகக் கறுப்பைத் தவிர வேறு நிறத்தைத் தொடுவதில்லை. எம்.சி. ரோட்டில் ஆசையாக எடுத்த மஞ்சள் சுடிதார் பிரிக்காமலே பீரோவில் கிடக்கிறது. இந்த வெயிலிலும் கறுப்பில் முழுக்கை டீ-ஷர்ட்தான். ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள். சாப்பாடும் குறைந்துவிட்டது. என் நாத்தனார் செல்போனில் ஏதோ 'கலர் டெஸ்ட்' செய்ய வைத்ததில் மனச்சோர்வு என்று வந்தது. நிறத்தை வைத்து இப்படிச் சொல்ல முடியுமா டாக்டர்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடியாதும்மா.

கார்த்திகை பிறந்ததும் உங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். மாலை போட்ட சாமிகள் பலர் கறுப்பு வேட்டியில் போவார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழைய சட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அதே தெரு மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை போடும் பெரியார் தொண்டர் யாரிடமாவது "மனசு சரியில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து வாதம் செய்துவிட்டுத்தான் அனுப்புவார்!

சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூஷர் 1947-ல் ஒரு நிறச் சோதனையை வெளியிட்டார். நிற அட்டைகளைப் பிடித்த வரிசையில் அடுக்கச் சொல்லி, அதை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. பிறகு மற்ற உளவியல் சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது சரிவரப் பொருந்தவில்லை. ஆனாலும் முடிவைப் படிப்பவருக்கு 'அட, என்னைப் பற்றியேதான்' என்று தோன்றும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம், அதுவும் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. நாத்தனாரின் செல்போனில் வந்ததும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

முழுக்கப் பொய் என்றும் தள்ள மாட்டேன். 2010-ல் வெளியான ஒரு மான்செஸ்டர் ஆய்வில், "இப்போது உன் மனநிலை எந்த நிறம்?" என்று கேட்டபோது மனச்சோர்வு உள்ளவர்கள் சாம்பல் நிறத்தை அதிகம் காட்டினார்கள். ஆனால் "பிடித்த நிறம்?" என்று கேட்டால் சோர்வு உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் நீலம்தான் முதலில் வந்தது. பிடித்த நிறம் நோயைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கறுப்புக்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. என்னிடம் வந்த ஒரு பெண் கறுப்பு பேன்ட்டைத் தவிர எதையும் போட மாட்டாள். தனியாகப் பேசியபோது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், கறை தெரியக்கூடாது என்பதற்காக என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரையும், ரத்தப்போக்குக்குச் சிகிச்சையும்தான் அவளுக்குத் தேவைப்பட்டன.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது வேறொரு வரி: 'இந்த வெயிலிலும் முழுக்கை'. கை கறுத்துப்போகும் என்ற கவலையாக இருக்கலாம், தோலில் ஏதாவது இருக்கலாம், ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் வருகிற குளிராக இருக்கலாம். சில பிள்ளைகள் மனவேதனையில் தங்களையே காயப்படுத்திக்கொண்டு அதை மறைக்கவும் இப்படிப் போடுவார்கள். தூக்கமும் சாப்பாடும் சேர்ந்து குறைந்திருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். நாத்தனார் முன்னால் கேட்கவும் வேண்டாம். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, "கொஞ்ச நாளா நீ சரியா தூங்கறதில்ல, சாப்பிடறதும் இல்ல. எனக்குக் கவலையா இருக்கு. என்னன்னு சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்று கேளுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள், அதுதான் சிரமம். "செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவளே பேச வழி கிடைக்கும்.

எதிலும் விருப்பமில்லாமை, சோகம், தூக்கக் குறைவு, படிப்பில் கவனமின்மை இவையெல்லாம் பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் மகளை இந்த வாரமே கூட்டிப்போங்கள். காயம் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். இரவாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போகும்போது செல்போன் முடிவைக் காட்ட வேண்டாம். அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்போது எழுந்தாள், மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் சுடிதார் பீரோவிலேயே இருக்கட்டும்.