ஆயிரம் பேரில் இருபத்தைந்து பேர்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் அப்பா நடத்திவந்த மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சென்ற வாரம் விளம்பர ஆலோசகர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். மனிதர்களின் கவனம் எட்டு விநாடியாகச் சுருங்கிவிட்டது, தங்கமீனைவிடக் குறைவு என்றார். சில்லறை விற்பனையில் கால்வாசி இணையத்துக்குப் போய்விட்டது, ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்தாய்வில் நாளிதழ் படிப்பவர்களே அருகிவிட்டார்கள் என்றார். குறுங்காணொளிக்கு மாறிய ஒரு கடையின் அக்டோபர் விற்பனை எகிறியதை வரைபடமாகக் காட்டினார். தீபாவளி விளம்பரப் பணம் முழுவதையும் காணொளியில் போடச் சொல்கிறார். அப்பாவோ, "தமிழ் முரசு நாளிதழில் வராவிட்டால் கடையை மூடிவிட்டோம் என்று நினைப்பார்கள்" என்கிறார். நீங்கள் கருத்தாய்வுத் துறையில் இருந்தவர். யார் பேச்சைக் கேட்பது?

ச.

அன்புள்ள ச.,

தங்கமீனை முதலில் தொட்டியில் விட்டுவிடுவோம். 2015இல் மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையால் ஊரெல்லாம் பரவியது அந்த எட்டு விநாடி. அவர்கள் அதை அளக்கவில்லை. ஓர் இணையத்தளத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். பிறகு செய்தியாளர்கள் அதன் வேரைத் தேடிப் போனபோது ஆய்வு என்று எதுவும் அகப்படவில்லை. பாவம், பழக்கியதை மாதக்கணக்கில் மறக்காத மீன் அது. தேக்கா சந்தையில் மீன் வாங்கும் ஓர் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்கவே எட்டு விநாடிக்குமேல் எடுத்துக்கொள்வார்.

கால்வாசிக் கதை வேறு வகை. அது பொய்யில்லை, பழைய உண்மை. புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் வெளியிடும் சில்லறை விற்பனைக் குறியீட்டில் இணையத்தின் பங்கு 2020 மே மாதம் கிட்டத்தட்ட அந்த அளவைத் தொட்டது. அது கொவிட் பரவலைத் தடுக்கக் கடைகளை மூடிவைத்த கிருமி முறியடிப்புக் காலம். ஏராளமான கடைகள் பூட்டிக் கிடக்கும்போது இணையத்தின் பங்கு ஏறாமல் என்ன செய்யும்? கடைகள் திறந்ததும் இறங்கியது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான மாதங்களில் 11 முதல் 15 விழுக்காட்டுக்குள்தான் இருந்துவருகிறது. கொவிட்டுக்கு முன்பிருந்ததைப் போல இருமடங்கு என்பதால் மாற்றம் மெய்தான். ஆனால் அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். கணினி, தொலைத்தொடர்புச் சாதனங்களில் ஏறக்குறைய பாதி இணையத்தில் விற்கிறது. பேரங்காடிப் பொருள்களில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. நீங்கள் விற்பது மடிக்கணினியா, முருங்கைக்கீரையா?

எனக்கு உறுத்தியது அந்த "ஆயிரம் பேர்" என்ற சொல். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் மேலே உள்ள தலைப்பை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் யாரைக் கேட்டார்கள் என்று பார்ப்பது என் தொழில் கொடுத்த நோய்.

சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. மக்கள்தொகைக்கு ஏற்றபடி ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால் அதில் தொண்ணூறு இந்தியர்கள் இருப்பார்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 27.9. ஆக, அந்தத் தொண்ணூறில் இருபத்தைந்து பேர்! தமிழ் நாளிதழைப் பற்றி அந்த ஆய்வு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த இருபத்தைந்து பேர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இத்தனை சிறிய கூட்டத்தில் பிழை எல்லை இரு பக்கமும் இருபது விழுக்காட்டை ஒட்டிப் போகும். நாற்பது விழுக்காட்டினர் சொன்னார்கள் என்று அட்டவணை காட்டும் இடத்தில் உண்மை இருபதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். அதை நம்பி நான் ஒரு மூட்டை வெங்காயம்கூடக் கொள்முதல் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. 'சிங்கப்பூர்வாசிகள்' என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. 2020இல் தீவின் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன், அதில் வாசிகள் 4.04 மில்லியன். வேலை அனுமதியில் வந்திருப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் கடையில் ஊறுகாயும் தேங்காய் எண்ணெயும் வாங்கிக்கொண்டு ஊருக்குக் காணொளி அழைப்பில் பேசும் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். வாசிகளிடம் எடுத்த ஆய்வாக இருந்தால் அவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அவர்கள் கையில் எந்நேரமும் திறன்பேசி இருக்கிறது. அவர்களுக்குக் காணொளி விளம்பரம் நன்றாகவே பொருந்தலாம். ஆலோசகர் சரியான இடத்துக்குத் தவறான வழியில் வந்திருக்கிறார் என்றும் சொல்லலாம்.

கேட்டதற்கு வந்த பதிலும் எப்போதும் பதிலாகாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளில் மாடி மாடியாக ஏறி நான் கேள்வித்தாளை நீட்டிய காலத்தில், "நேற்று எந்த நாளிதழ் படித்தீர்கள்?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். ஆங்கில நாளிதழின் பெயரைச் சொன்னார். சாய்வு நாற்காலியின் கீழே முரசு விரிந்து கிடந்தது, அதன்மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. என் கண்ணையும் பார்த்தார், அதையும் பார்த்தார். நான் ஆங்கில நாளிதழ் என்றே குறித்துக்கொண்டேன். சொன்னதை எழுதுவதுதான் விதி. இன்று நிலைமை தலைகீழ். பேரன் திறந்து கொடுத்த இணைப்பைத் திறன்பேசியில் காட்டி அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பருப்பு வாங்கும் பாட்டியும் ஏதோ ஒரு கணக்கில் மின்னிலக்கத்துக்கு மாறியவர்தான்.

எகிறிய அக்டோபர் விற்பனைக்கு வருகிறேன். எந்த ஆண்டு என்று கேட்டீர்களா? தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. முதல் ஆண்டு நவம்பரில் விழுந்த கடைசி வாரக் கூட்டம் அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் வந்துவிட்டது. காணொளியே போடாத கடைக்கும் வரைபடம் எகிறியிருக்கும். சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்குமாக நகர்வதால் அந்த இரண்டு மாதங்களையும் சேர்த்தே பார்க்கிறோம். நம் பண்டிகைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களை முந்தைய ஆண்டுத் தீபாவளிக்கு முன்பிருந்த ஆறு வாரங்களோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்பா பக்கமே நான் சாய்வதாக நினைக்க வேண்டாம். முரசை வெளியிடும் எஸ்பிஎச் மீடியாவின் நாளிதழ் விற்பனைக் கணக்கில் 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை நாளுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 பிரதிகள் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்த செய்தி 2023 ஜனவரியில் வெளிவந்தது. காணொளித் தரப்பும் சுத்தமில்லை. மூன்று விநாடிகூடப் பார்க்காமல் போனவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து விட்டுவிட்டுச் சராசரி கண்டதால், பார்க்கும் நேரத்தை 60 முதல் 80 விழுக்காடு வரை கூட்டிச் சொல்லிவந்ததை ஃபேஸ்புக் 2016இல் ஒப்புக்கொண்டது. இடத்தை விற்பவரே அதை அளக்கவும் செய்தால் அளவுகோல் கொஞ்சம் நீளும்.

ஆகவே இந்தத் தீபாவளிக்குப் பணத்தைப் பிரித்துப் போடுங்கள். முரசு விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்தால் ஒரு கட்டு ஊதுபத்தி. ஒலி 96.8 வானொலியில் ஒரு சொல், காணொளியில் வேறொரு சொல். கல்லாவில் அதைச் சொன்னால் அதே ஊதுபத்தி. எங்கே பார்த்து வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல் வந்து போகிறவர்களுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். என் ஊகம், அந்தக் கோடுகள்தான் அதிகமாக இருக்கும்.

அப்பா பழைய கணக்கு நோட்டுகளை வைத்திருக்கிறாரா? தீபாவளி வாரங்களின் விற்பனை அதில் தேதிவாரியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், கூட்டம் தொடங்கும் முன்.

அன்புடன்,
அக்கா