பொது மருத்துவர் பயிற்சியின்போதே முதுகலைப் பட்டம் பெற முடியுமா?

பிரிட்டனில் முடியும். உடம்புக்கு எதுவென்றாலும் மக்கள் முதலில் போய்ப் பார்க்கும் மருத்துவர்தான் அங்கே ஜி.பி. அதற்கான பயிற்சி வழக்கமாக 3 ஆண்டு. இங்கிலாந்தில் ஆய்வோடு சேர்ந்த பயிற்சி இடம் கிடைத்தால் 4 ஆண்டு. அதில் பலர் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் படிக்கிறார்கள்.

ஏன் இப்படி? மருத்துவ ஆய்வுகள் நிறைய, மருத்துவமனையில் சேர்ந்தவர்களை வைத்தே நடக்கின்றன. ஜி.பி.யிடம் வருபவரோ மூன்று வாரமாக இருமல் என்று மட்டும் சொல்வார். சளியா, நுரையீரல் புற்றுநோயின் தொடக்கமா? பத்து நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு உதவும் கேள்விகளை அந்த நாற்காலியில் இருப்பவரே ஆராய்வது எவ்வளவு அவசியம்!

ஜி.பி. ஆவதற்கான தகுதித் தேர்வான எம்ஆர்சிஜிபியையே முதுகலைப் பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஓட்டுநர் உரிமம் மாதிரி. முதுகலை என்பது எஞ்சினைப் பிரித்துப் படிப்பது. பட்டம் வாங்கினாலும் பயிற்சியில் இருப்பவர் அந்தத் தேர்வில் தேறியே ஆக வேண்டும்.