ஏழாவது எபிசோடை முதலில் எழுதுங்கள்

லண்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நானும் நண்பர் ஒருவரும் எழுதிய நகைச்சுவைத் தொடர் பிரிட்டனில் ஆறு எபிசோடுகளாக ஒளிபரப்பாகி முடிந்தது. அதை அமெரிக்க நெட்வொர்க் ஒன்றுக்காக மறுஆக்கம் செய்ய ஒரு ஸ்டுடியோ உரிமை கேட்கிறது; பைலட்டை, அதாவது தொடரை எடுக்கலாமா என்று பார்க்க முதலில் எடுக்கும் சோதனை எபிசோடை, நாங்களே எழுதலாம் என்றும் சொல்கிறது. எங்கள் முதல் எபிசோடை ஊர்ப்பெயரை மாற்றி அப்படியே கொடுத்தால் போதுமா? எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?"

முதல் கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான். இந்த வழியை ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறார்கள். 2001 ஜூலையில் பிபிசி டூவில் தொடங்கிய, ஓர் அலுவலகத்தை ஆவணப்படம் போலக் காட்டும் 'தி ஆபீஸ்' நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடை, 2005 மார்ச்சில் அமெரிக்க நெட்வொர்க்கான என்பிசி ஏறக்குறைய வரிக்கு வரி எடுத்து ஒளிபரப்பியது. இங்கிலாந்தின் ஸ்லாவ் நகரம் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆயிற்று. சக ஊழியரின் ஸ்டேப்லரை ஜெல்லிக்குள் புதைத்து வைக்கும் குறும்புகூட அப்படியே இருந்தது. ஆனால் விளம்பரமில்லாத பிபிசியில் அரை மணி நேரத்தை நெருங்கி ஓடிய கதை, என்பிசியில் ஏறத்தாழ 22 நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. அப்படிச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வசனமல்ல, மௌனம். மேலாளர் ஒரு மட்டமான நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காமல் இருக்க, கேமராவை ஓரக்கண்ணால் பார்க்கும் அந்தச் சில விநாடிகளில்தான் மூலத்தின் சிரிப்பே இருந்தது. அவற்றை இழந்த பைலட், தன் குரலைக் கண்டுகொள்ளாத ஒரு நகலாகவே நின்றது. அடுத்த எபிசோடான 'டைவர்சிட்டி டே', பிரிட்டிஷ் மூலம் எதுவும் இல்லாமல் புதிதாக எழுதப்பட்டது. அமெரிக்கத் தொடர் உண்மையில் அங்கேதான் பிறந்தது என்பது என் கணிப்பு.

ஆகவே பைலட்டைத் தொடுவதற்கு முன், உங்களிடம் இல்லாத ஏழாவது எபிசோடை எழுதிப் பாருங்கள். உங்கள் ஆறு எபிசோடுகளில் எதையும் கடன் வாங்காமல், அதே பாத்திரங்களை வைத்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் நடக்கும் கதையாக அது இருக்கட்டும். அது தானாக நகர்ந்தால் உங்களிடம் விற்பதற்கு ஒரு தொடர் இருக்கிறது. நகரவில்லை என்றால், உங்களிடம் இருப்பது ஆறு பகுதிகளில் அழகாகச் சொல்லி முடிக்கப்பட்ட ஒரே கதைதான். அதை ஸ்டுடியோவுக்குத் தெரியும் முன் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எண்ணிக்கை. பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் முடிவதற்காகவே எழுதப்படுகிறது. செப்டம்பரில் தொடங்கி மே வரை 20-க்கு மேற்பட்ட எபிசோடுகளைக் கேட்டுப் பழகிய அமெரிக்க நெட்வொர்க்கோ, முடியாமல் இருப்பதற்காகவே தொடரை வாங்குகிறது. பிபிசியின் 'தி ஆபீஸ்' கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளையும் சேர்த்து 14 எபிசோடுகள்; என்பிசியில் அது 2013 வரை 201 எபிசோடுகள் ஓடியது. பிபிசி பதிப்பின் மேலாளர் டேவிட் பிரென்ட் போன்ற ஒரு மனிதரின் வெட்கக்கேட்டை 14 முறை சகித்துக்கொள்ளலாம், வாரந்தோறும் ஒன்பது சீசன்களுக்கு வீட்டுக்குள் வரவேற்க முடியாது. அதனால்தான் அமெரிக்கப் பதிப்பை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸின் எழுத்தாளர் குழு, இரண்டாம் சீசனில் அங்கே பிரென்ட்டின் இடத்தில் இருக்கும் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டுக்கு ஒரு திறமையைக் கொடுத்தது. ஒரு கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) காகித ஒப்பந்தத்துக்காக நடக்கும் விருந்தில் அவர் மணிக்கணக்கில் அரட்டையடிக்கிறார், பாடுகிறார். உடன் வந்த மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொள்ளும் நிலைக்கு வரும்போது, ஒப்பந்தம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆள் எப்படி மேலாளர் ஆனார் என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை கிடைக்கிறது. உங்கள் நாயகருக்கும் இப்படி ஒரு காட்சி தேவைப்படும். இதைச் சமரசம் என்று எண்ணி மனம் கசக்க வேண்டாம். நீண்ட தொடருக்கு அது அடித்தளம்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது, பாத்திரங்களை ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருக்கும் உறவு. ஒரு விடுதியில் நடக்கும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரை அமெரிக்காவின் ஏபிசி 1983-இல் 'அமாண்டாஸ்' என்ற பெயரில் எடுத்தபோது, விடுதி உரிமையாளரான பேசில் ஃபால்ட்டியின் பாத்திரமே இல்லாமற்போய், அவருடைய குணமும் நிர்வாகமும் ஒரு பெண் உரிமையாளரிடம் போயின. மனைவிக்கு அஞ்சி, விருந்தினரை வெறுத்து, மேல்தட்டு ஆட்களிடம் குழையும் அந்தக் கணவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கடற்கரை விடுதி மட்டுமே. தொடர் சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'கப்ளிங்' தொடரை என்பிசி 2003-இல் பிரிட்டிஷ் திரைக்கதைகளையே பெரிதும் ஒட்டி எடுத்து, நான்கு எபிசோடுகளோடு நிறுத்திவிட்டது.

மாற்ற வேண்டியவற்றில் மிகக் கடினமானது வர்க்கம். பிரிட்டனில் ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் படித்த பள்ளியும் தந்தையின் தொழிலும் பாதி தெரிந்துவிடும். அமெரிக்கப் பேச்சு வழக்கு அந்த வேலையை அதே அளவுக்குச் செய்து தராது. பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் திரைக்கதையில் உச்சரிப்பை மட்டுமே நம்பி நிற்கும் வரிகளையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் அங்கே வேறொரு பிளவைத் தேட வேண்டும். ஒரு பிரிட்டிஷ் தொடரில் லண்டனின் பழைய சாமான் வியாபாரிகளாக வந்த வெள்ளைக்காரத் தந்தையையும் மகனையும், 1972-இல் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினத் தந்தையும் மகனுமாக்கியது இத்தகைய தேடலின் விளைவே. அண்மைக்கால எடுத்துக்காட்டு, ஒரு பழைய மாளிகையின் ஆவிகளைப் பற்றிய 'கோஸ்ட்ஸ்'. பிபிசி பதிப்பில் காற்சட்டையில்லாமல் அலையும் ஆவி, பாலியல் சர்ச்சையில் சிக்கி மாண்ட நாடாளுமன்ற உறுப்பினர். 2021-இல் வந்த சிபிஎஸ் பதிப்பில் அதே காற்சட்டையில்லாத ஆவி வால் ஸ்ட்ரீட் ஆள். கற்கால மனிதனின் இடத்துக்கு ஒரு வைக்கிங் வீரர் வந்தார். மூலத்தில் இணையே இல்லாத ஒரு லெனாப்பே பழங்குடியினர் சேர்ந்தார். எதைப் பெயர்க்க முடியும், எதைப் புதிதாக நட வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது. முதல் சீசனுக்கே 18 எபிசோடுகள் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

கெட்ட வார்த்தைகள் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் இரவு 9 மணிக்குப் பின் கிடைக்கும் சுதந்திரம் அங்கே இல்லை. அலைவரிசையில் ஒளிபரப்பும் நெட்வொர்க்குகளை காலை 6 முதல் இரவு 10 வரை அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியின் ஆபாச விதி கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பிறகும் நெட்வொர்க்கின் சொந்தத் தணிக்கைப் பிரிவும் விளம்பரதாரரின் முகச்சுளிப்பும் இருக்கின்றன. உங்கள் பாத்திரத்தின் கோபம் வசைச் சொற்களில் மட்டும்தான் வெளிப்படுகிறது என்றால், அதற்கு இப்போதே வேறொரு வெளிப்பாட்டைக் கண்டுபிடியுங்கள். விளம்பர இடைவேளைகளுக்கு முன்பும் ஏதாவது ஒரு கேள்வி தொங்கி நிற்க வேண்டும். இது பழகினால் வந்துவிடும்.

கையெழுத்திடும் முன், மறுஆக்க உரிமை உங்களிடம் இருக்கிறதா, உங்கள் பிரிட்டிஷ் தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கிறதா என்பதைப் பழைய ஒப்பந்தத்தில் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் பைலட் எடுக்கப்படாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்ப வேண்டும் என்ற வாசகத்தைப் பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞர் ஒருவரை வைத்துச் சேர்த்துவிடுங்கள். தொடர் எடுக்கப்பட்டால் அதை நடத்தப்போவது நீங்களல்ல, ஒரு ஷோரன்னரும் (தொடரின் தலைமை எழுத்தாளரும் பொறுப்பாளருமானவர்) அவருடைய எழுத்தாளர் குழுவும்தான். இருவர் மட்டுமே எழுதி 20 எபிசோடுகளை உரிய நாளில் தர இயலாது. பிரிட்டிஷ் 'தி ஆபீஸை' உருவாக்கிய ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இருந்துகொண்டு, அமெரிக்க 'தி ஆபீஸி'ன் மூன்றாம் சீசனில் ஒரே ஒரு எபிசோடை எழுதினார்கள். சீசனுக்கு ஒரு திரைக்கதை என்பதை உங்கள் ஒப்பந்தத்திலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த ஏழாவது எபிசோடும் அப்போது பயன்படும்.