கேள்வி பதில்: 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியங்கள்

கேள்வி: இத்தாலியில் மாதாவும் புனிதர்களும். ஹாலந்தில் மட்டும் ஏன் பால் ஊற்றும் பணிப்பெண்ணும் மாடுகளும்?

பதில்: பணம் கொடுப்பவர் மாறிவிட்டார். 1566இல் கால்வினியர்கள் (புராட்டஸ்டன்ட் கிறித்தவப் பிரிவினர்) தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள். பிறகு வந்த அவர்களுடைய சீர்திருத்தச் சபை பலிபீட ஓவியம் கேட்கவில்லை. ஹேக் நகர அரசவையும் சிறியது. மிஞ்சியவர்கள் வணிகர்களும் மது வடிப்போரும் ரொட்டி சுடுவோரும்தான். அவர்கள் வீட்டுச் சுவருக்குப் படம் வாங்கினார்கள். ஓவியர் யாரும் கேட்பதற்கு முன்பே வரைந்து, சந்தையிலும் லாட்டரியிலும் விற்றார். போட்டி கடுமை; அதனால் ஒருவர் கடலை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் பூக்களை. யான் வான் கோயனின் நிலக்காட்சிகளில் தவிட்டு நிறமும் சாம்பலுமே மிகுதி. மலிவான நிறமி, மெல்லிய பூச்சு, விரைந்த கை: விலை குறைந்தது, வாங்குவோர் பெருகினர். அந்தப் படங்களில் உள்ள வானத்தின் அழகை ரசியுங்கள். அவற்றை யார் வாங்கினார் என்றும் கேளுங்கள்.

கேள்வி: ரெம்பிராண்ட் வரைந்த ‘இரவுக் காவல்’ படத்தின் காட்சி இரவில்தானே நடக்கிறது?

பதில்: பகலில். வார்னிஷ் கறுத்ததால் வந்த பெயர் அது. 1715இல் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். கைபேசித் திரையை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: அந்தப் படம் பிடிக்காமல் போனதால்தான் ரெம்பிராண்ட் திவாலானாரா?

பதில்: இல்லை. படம் முடிந்தது 1642இல், திவால் 1656இல். 1639இல் 13,000 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) வாங்கிய வீட்டுக் கடனையும், ஓயாமல் கலைப்பொருள் வாங்கிய பழக்கத்தையும் பாருங்கள்.

கேள்வி: ஓவியர் வெர்மீர், காட்சியைத் திரையில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியை (கேமரா ஆப்ஸ்கூரா) வைத்து நகலெடுத்தார் என்பது உண்மையா?

பதில்: இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். அவர் இறந்தபின் எடுத்த வீட்டுப் பொருள் பட்டியலில் அப்படி ஒரு கருவி இல்லை. அந்த வீட்டில் கேட்க வேண்டிய கதை வேறு. 1672இல் பிரெஞ்சுப் படையெடுப்பு ஓவியச் சந்தையை வீழ்த்தியது. 1675இல் வெர்மீர் இறந்தார். 600 கில்டருக்கு மேலான ரொட்டிக் கடனுக்காக அவர் மனைவி கத்தரீனா இரண்டு ஓவியங்களை ரொட்டிக்காரரிடம் ஒப்படைத்தார். மீண்டும் சொல்கிறேன்: வெர்மீரின் நீலத்தைக் கைபேசித் திரையில் பார்த்து மதிப்பிடாதீர்கள்.

கேள்வி: ஹாலந்தின் செல்வம் முழுவதும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த கொள்ளைதானே?

பதில்: முழுவதும் அல்ல. பால்டிக் தானியம், ஹெரிங் மீன், லைடன் நகரத் துணி ஆகியவை பெரும் பங்கு.

கேள்வி: அப்படியானால் கம்பெனியை நியாயப்படுத்துகிறீர்களா?

பதில்: ஒருபோதும் இல்லை. 1621இல் ஜாதிக்காய்க்காக இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவு மக்களைக் கம்பெனி கொன்றது, அடிமையாக்கியது. நம் பழவேற்காட்டிலிருந்தும் துணியோடு அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். டச்சு ஓவியர் வில்லெம் கால்ஃப் வரைந்த சீனக் கிண்ணம் எந்த வழியில் வந்தது என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் சில கில்டருக்குப் படம் வாங்கிய ரொட்டிக்காரரையும் கம்பெனி இயக்குநரையும் ஒரே ஆளாக்கினால் இருவரையும் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய படத்துக்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: விலை என் துறை அல்ல, ஏல நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை துடைக்காதீர்கள்.

கேள்வி: பெண்கள் வரையவில்லையா?

பதில்: யூடித் லெய்ஸ்டர் 1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பின்னாளில் அவர் படங்கள் இன்னொரு ஹார்லெம் ஓவியரான ஃபிரான்ஸ் ஹால்ஸின் பெயரில் விற்கப்பட்டன. 1893இல்தான் ஓர் ஆய்வாளர் லெய்ஸ்டரின் கையெழுத்துக் குறியை அடையாளம் கண்டார்.