கருப்பை வாய்ப் பரிசோதனை: மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏதோ திரவம் தடவிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். ஒப்புக்குச் செய்ததா, டாக்டர்? பாப் ஸ்மியரும் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுக்க வேண்டுமா? (வயது 36)

ஒப்புக்குச் செய்தது இல்லை, அம்மா. அது வி.ஐ.ஏ. பரிசோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் அடர்ந்த வெள்ளைத் திட்டாக, விளிம்பு பளிச்சென்று தெரியும். முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதைச் செய்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் இறப்பு சுமார் 35 சதவீதம் குறைந்தது. நம் ஊர்ச் செவிலியர்கள் சாதித்தது இது! ஆகவே இப்போது பாப் ஸ்மியருக்கு அவசரம் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் போதும். ஆனால் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், எச்.பி.வி. பரிசோதனை ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முப்பது வயதுக்கு மேல், கிடைக்குமானால், எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை.

பாப் ஸ்மியர் ஏற்கெனவே உருமாறிய செல்லைத் தேடுகிறது. மாதிரியைச் சரியாக எடுக்க வேண்டும், அதைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். ஒருமுறை தவறவிட்டதை அடுத்த முறை பிடிக்கலாம் என்பதால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். எச்.பி.வி. பரிசோதனையோ நோய்க்குக் காரணமான வைரஸையே தேடுகிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் மூன்று முறைகளையும் தனித்தனிக் குழுக்களில் செய்து பார்த்தார்கள். ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்த குழுவில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்ற இரண்டிலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை (2009). திண்டுக்கல்லில் பலன் தந்த வி.ஐ.ஏ. அங்கே தரவில்லை. பார்ப்பவரின் பயிற்சியை நம்பியிருக்கும் முறைக்கு இந்தப் பலவீனம் உண்டு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் எச்.பி.வி.யைத்தான் முதலில் வைத்தது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதற்கான மாதிரியை நீங்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்பட்டே வராமல் இருப்பவர்களுக்கு இது பெரிய வழி.

கேள்வி: எனக்கு எச்.பி.வி. பாசிட்டிவ். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கணவர் மீதும் சந்தேகம் வருகிறது.

முதலில், இது புற்றுநோய் என்ற முடிவு இல்லை. பெரும்பாலான தொற்றை உடம்பே ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடும். தங்கிவிடும் தொற்றுதான் பல ஆண்டுகள் கழித்து ஆபத்தாகிறது. வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அதை வைத்து வீட்டில் வழக்கு நடத்தாதீர்கள், தயவுசெய்து.

அடுத்து கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) அல்லது வி.ஐ.ஏ. செய்து பார்ப்பார்கள். திட்டு இருந்தால், பல நேரங்களில் குளிரூட்டியோ சூடேற்றியோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில்தான். பாசிட்டிவ் என்ற தாளைப் பீரோவில் வைத்துவிட்டு, மறுபடி வராமலே போகும் பெண்கள். நீங்கள் இந்த மாதமே போங்கள்.

கேள்வி: மாதவிடாய் நின்றுவிட்டது. வி.ஐ.ஏ. போதுமா?

போதாது. பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். எச்.பி.வி. செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். இனித் தேவையில்லைதானே?

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கருப்பை வாயையும் சேர்த்து எடுத்து, அதற்கு முன் புற்றுநோயோ அதன் முன்நிலை மாற்றங்களோ இல்லை என்றால் தேவையில்லை. கருப்பை வாயை விட்டுவைத்திருந்தால் பரிசோதனை தொடர வேண்டும். தாள் கிடைக்காவிட்டால் ஒருமுறை நேரில் காட்டினாலே தெரிந்துவிடும்.