நோயாளியின் பதிவு அழிந்ததற்காக வேலையை விட வேண்டுமா?

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பி.சி.ஏ. முடித்துக் காட்பாடியில் ஒரு கிளினிக்கில் சேர்ந்த உங்கள் மகள், இரட்டைப் பதிவு என்று எண்ணி ஒரு நோயாளியின் பெயரை மென்பொருளிலிருந்து நீக்க, அவருடைய பழைய வருகைகள், மருந்துச் சீட்டுகள், ரசீதுகள் எல்லாம் சேர்ந்து மறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் கடிந்துகொண்டதால் அவர் வேலையை விட நினைக்கிறார் என்கிறீர்கள். மகளை வேலையை விட விடாதீர்கள்.

நடந்ததை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வருகை, மருந்து, ரசீது ஆகியவை நோயாளியின் பதிவோடு பிணைக்கப்பட்டிருக்கும். சில மென்பொருள்களில் அந்த ஒன்றை நீக்கினால் பிணைந்தவை அனைத்தும் உடன் நீங்கிவிடும். நம் பக்கத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒரு முறை இனிஷியலோடும் மறு முறை இனிஷியல் இல்லாமலும் பதிந்துவிட்டால் ஒருவரே இருவராகத் தெரிவார், இருவர் ஒருவராகவும் தெரிவர். பிறந்த ஆண்டு, தந்தை அல்லது கணவர் பெயர், கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவரே என்று உறுதியானால் இரு பதிவுகளையும் இணைக்க வேண்டுமே தவிர, ஒன்றை நீக்கக் கூடாது.

மீட்பதற்கு வழியுண்டு. பதிவு உண்மையிலேயே அழிந்ததா, திரையில் மட்டும் மறைந்ததா என்று மென்பொருள் நிறுவனத்திடம் உடனே கேட்கச் சொல்லுங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற நோயாளிப் பதிவு மென்பொருளில் ஒரு பதிவை ‘வாய்டு’ செய்தால், யார், எப்போது, எதற்காக நீக்கினார் என்ற குறிப்போடு அது டேட்டாபேஸ் என்னும் தரவுச் சேமிப்பிலேயே இருக்கும்; ‘பர்ஜ்’ செய்தால்தான் அடியோடு போகும். அடியோடு போயிருந்தால் பேக்கப் என்னும் காப்பு நகலிலிருந்து எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் பதற்றத்தில் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள்: நேற்றிரவு எடுத்த பேக்கப்பை ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மேலேயே ஏற்றிவிட, இன்று காலை முதல் பார்த்த நோயாளிகளின் பதிவுகளும் போய்விடுகின்றன. பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, தொலைந்த நோயாளியின் வரிகளை மட்டும் எடுத்துச் சேர்ப்பதே முறை. மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளில், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லாக் இயக்கத்தில் இருந்தால், பேக்கப் எடுத்த பின் நடந்தவற்றையும், நீக்கிய நொடிக்குச் சற்று முன்புவரை அந்த நகலில் திரும்ப ஓட்டிப் பெறலாம்.

எதுவும் கிடைக்காவிட்டால், நோயாளிகள் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கி, ‘மறுபதிவு’ என்ற குறிப்பு, தேதி, பதிந்தவர் பெயர் ஆகியவற்றோடு ஏற்றலாம். நினைவிலிருந்து மட்டும் எழுதவே கூடாது. ஒரு மருந்து ஒவ்வாமைக் குறிப்பு விடுபட்டாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். சட்டப் பொறுப்பும் உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

இனி வேலைவாய்ப்பு. மருத்துவப் பதிவுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021இல் நாடெங்கும் தொடங்கப்பட்டபின், சிறிய கிளினிக்குகளும் கணினிப் பதிவுக்கு மாறி வருகின்றன. அந்தப் பதிவைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு வேலூரில் தேவை குறையாது என்பது என் கணிப்பு. மருத்துவப் பதிவேட்டுத் துறையையே படிப்பாகப் பயில விரும்பினால், வேலூர் சி.எம்.சி.யில் அதற்கான படிப்பு இருக்கிறது. இவ்வாண்டுச் சேர்க்கைத் தகுதியை அவர்களிடமே நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், ஓப்பன்எம்ஆர்எஸ் இலவசம் என்பதால் அதை வீட்டுக் கணினியில் நிறுவி, கற்பனை நோயாளிகளைப் பதிந்து, வேண்டுமென்றே நீக்கி மீட்டுப் பழகட்டும். நீக்கும் கட்டளைக்கு முன் அதே நிபந்தனையோடு தேடிப் பார்த்து எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணுவதும், டிரான்சாக்ஷன் (மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்வது), ரோல்பேக் (உறுதி செய்யும் முன் அந்தத் தொகுப்பை ரத்து செய்வது) ஆகியவற்றைப் பயன்படுத்துவதும் கையில் பழக வேண்டும். கிளினிக்கிலும், நீக்கும் அனுமதி டாக்டருக்கோ மேலாளருக்கோ மட்டும் இருக்க வேண்டும், ஒரு பேக்கப் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை அதைத் திறந்து சோதிக்க வேண்டும் என்று அவரே ஒரு பக்கத்தில் எழுதி டாக்டரிடம் கொடுக்கட்டும். நடந்ததை மறைக்காமல், இந்தத் தாளோடு சென்று பேசுவதுதான் இந்த வாரம் அவர் செய்ய வேண்டிய வேலை.