அந்த நாலு நாளை யார் சொன்னது?

வணக்கம் சார்,

திருநெல்வேலி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் எலெக்டிவ் எடுத்திருக்கிறேன். மற்றதைவிட இதில் ஸ்கோர் பண்ணலாம் என்று சீனியர்கள் சொன்னதால்தான் எடுத்தேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து புராசஸ் குரூப், பத்து நாலெட்ஜ் ஏரியா என்று மனப்பாடம் செய்துகொண்டே இருக்கிறோம். ஒரு திட்டம் முடிய எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கும் பெர்ட், சிபிஎம் கணக்குகள் மட்டும் பிடித்திருக்கின்றன. ஃபார்வர்ட் பாஸ், பேக்வர்ட் பாஸ் போட்டால் விடை வந்துவிடும், முழு மார்க். என் அப்பா கட்டட கான்ட்ராக்டர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா எலக்ட்ரீஷியன் சொன்ன நாளுக்கு வந்துருவானா?" என்று சிரிக்கிறார். நீங்கள் சைட்டில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். இந்தப் பாடத்தால் நிஜமாகவே பயன் உண்டா? படிப்பு முடிந்ததும் புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ் வாங்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

சுலபமான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். படிப்பு முடித்த கையோடு பி.எம்.பி. வாங்க முடியாது. நான்கு வருடப் பட்டம் இருந்தாலும், 36 மாதம் திட்டங்களை முன்நின்று நடத்திய அனுபவம் காட்டச் சொல்வார்கள். அனுபவம் கேட்காத சி.ஏ.பி.எம். என்று ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அதற்கு 23 மணி நேர வகுப்பு முடித்திருந்தால் போதும். வேண்டுமானால் எழுதுங்கள். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.

மனப்பாடம் பற்றி ஒரு தகவல். நீங்கள் உருப்போடும் ஐந்தும் பத்தும், இந்தச் சான்றிதழ்களைத் தரும் அமெரிக்க அமைப்பான பி.எம்.ஐ. வெளியிடும் பிஎம்பாக் கையேட்டிலிருந்து வந்தவை. 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் அந்த ஐந்துக்கும் பத்துக்கும் கீழே 49 புராசஸ்கள் கட்டம் கட்டமாக இருந்தன. 2021-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, எழுதியவர்களே அந்தக் கட்டங்களை ஓரமாக வைத்துவிட்டு 12 கோட்பாடுகள் என்று வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். பரீட்சைக்கு வேண்டியதைப் படியுங்கள். இரண்டு வருடம் கழித்து மறந்துபோனால் வருத்தப்பட வேண்டாம்.

சரி, உங்களுக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

"ஆக்டிவிட்டி ஏ, 4 நாள். பி, 6 நாள், ஏ முடிந்த பிறகு. சி, 3 நாள்..." என்று கேள்வி ஆரம்பிக்கும். நீங்கள் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கிரிட்டிகல் பாத் (ஒன்று தாமதமானாலும் மொத்தத் திட்டமே தள்ளிப்போகும் வேலைகளின் வரிசை) கண்டுபிடித்து, கீழே இரண்டு கோடு போட்டு விடை எழுதுவீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். சைட்டுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்த நாலு நாளை யார் சொன்னது? பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் சொன்னது. வெளியே அதைச் சொல்லக் கேள்வித்தாள் கிடையாது. கணக்குப் போடுவதை இன்று ஒரு சாஃப்ட்வேர் கண் இமைப்பதற்குள் செய்துவிடும். அந்த நாலு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

பெர்ட், சிபிஎம் இரண்டும் சிலபஸில் ஒரே மூச்சில் வருவதால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும். பிறந்த வீடு வேறு வேறு. சிபிஎம் 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனியில் பிறந்தது. அந்தக் கம்பெனியின் மார்கன் வாக்கரும், கம்ப்யூட்டர் விற்ற ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கினார்கள். தொழிற்சாலை கட்டுவது, பராமரிப்புக்காக நிறுத்தி மறுபடி ஓடவிடுவது எல்லாம் டூபான்டுக்குப் பழகிய வேலை. போன தடவை எத்தனை நாள் ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. அதனால் ஒரு வேலைக்கு ஒரு எண் போதும். பெர்ட் 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் அப்படி ஒன்றை அவர்கள் அதற்கு முன் செய்ததில்லை. "எத்தனை நாள் ஆகும்?" என்றால் யாரிடமும் பதில் இல்லை. அதனால்தான் மூன்று எண் கேட்டார்கள்: எல்லாம் சரியாகப் போனால், வழக்கம்போல் போனால், எல்லாம் கெட்டுப்போனால். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்கிறீர்களே, அந்த சூத்திரமே "எங்களுக்குத் தெரியாது" என்பதைக் கணக்காக எழுதியதுதான். இதை வகுப்பில் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அந்த சூத்திரத்தை இன்னும் மரியாதையோடு படித்திருப்பேன்.

(போலாரிஸைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பெர்ட் சார்ட்டுகள் வேலையை நடத்த உதவியதைவிட, கேள்வி கேட்க வரும் மேலிடத்தைத் தள்ளி நிறுத்தவே அதிகம் உதவினவாம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, நடந்து முடிந்ததையே திட்டமாக, நாள்வாரிப் பட்டைகளாகக் காட்டும் கேண்ட் சார்ட் வரைந்த எவருக்கும் இது புரியும்.)

உங்கள் அப்பா எலக்ட்ரீஷியனைச் சொன்னதும் எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. பத்து வருடத்துக்கு முன் மாடி எடுத்தோம். தொழில் இதுதான் என்பதால் சார்ட்டெல்லாம் பிரமாதமாகப் போட்டு சுவரில் ஒட்டியிருந்தேன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து பைப் போட்டு ஃபேன் பாக்ஸ் வைக்க வேண்டும். "ஒரு நாள் வேலை சார்" என்றார். நானும் 1 என்று எழுதினேன். கம்பி கட்டி முடிவது திங்கள், கான்கிரீட் வியாழன். செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் கையில் இருக்க, ஒரு நாள் வேலைக்கு என்ன பயம்? கணக்குப்படி அது கிரிட்டிகல் பாத்திலேயே இல்லை, ஒரு நாள் ஃப்ளோட் வேறு, அதாவது ஒரு நாள் தள்ளிப்போனாலும் திட்டம் பாதிக்காது.

செவ்வாய்க்கிழமை ஆளைக் காணோம். போன் அடித்தால், "நாளைக்குக் காலையில அங்கதான் சார்." புதன் மதியம் மூன்று மணிக்கு வந்தார். வேறொரு வீட்டிலும் அதே புதன்கிழமை கான்கிரீட், அங்கே முடித்துவிட்டு வந்திருக்கிறார். மிக்சர் மெஷினுக்கும் கான்கிரீட் ஆட்களுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. இருட்டும்வரை போட்டு, அப்புறம் எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் போட்டு முடித்தார். வியாழன் காலை ஆறரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். சென்ட்ரிங் பிரித்த அன்றுதான் தெரிந்தது, சின்ன அறைக்கு ஃபேன் பாக்ஸே இல்லை. இன்றைக்கும் அந்த அறையில் ஒயர் கூரைக்கு வெளியே பட்டியில்தான் ஓடுகிறது. வருகிறவர்கள் எல்லாம் "நீங்க இன்ஜினியர்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அது ஒரு நாள் வேலைதான். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் வேலை என்பது ஒன்று, அது முடிய எத்தனை நாள் பிடிக்கும் என்பது வேறொன்று. நடுவில் அந்த ஆளின் மற்ற சைட்டுகள், கடையில் பைப் ஸ்டாக், உதவியாளுக்குக் காய்ச்சல் எல்லாம் நிற்கின்றன. கிரிட்டிகல் பாத் கணக்குக்கு எது முடிந்து எது என்பது மட்டும்தான் தெரியும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேண்டப்படுகிறார் என்பது அதன் கண்ணில் படாது. உங்கள் பாடத்தில் ரிசோர்ஸ் லெவலிங் (ஒரே ஆளோ மெஷினோ ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மாட்டாமல் நாட்களை மாற்றி அமைப்பது) என்று கடைசி யூனிட் பக்கம் வரும், எல்லோரும் சாய்ஸில் விடுவார்கள். விடாதீர்கள்.

அதே சார்ட்டில் சொன்னபடி நடந்த ஓர் எண்ணும் இருந்தது. ஸ்லாப்பைத் தாங்கும் முட்டுகளை, ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள் வரையும், அதைத் தாண்டினால் 14 நாள் வரையும் பிரிக்கக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எனக்கு 14. அதை யாரிடமும் கேட்க வேண்டாம், பேரம் பேச முடியாது, கான்கிரீட்டுக்கு வேறு சைட்டும் கிடையாது. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் எண்களை இரண்டாகப் பிரித்துவிடுவேன்: சிமெண்ட் சொன்ன நாள், ஆள் சொன்ன நாள். முதல் வகையில் ஒரு நாளைக்கூடக் குறைக்க விடமாட்டேன். இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயரை எழுதிவைப்பேன்.

ஆள் சொல்லும் நாளை எப்படிக் கேட்பது? "எப்போ முடியும்?" என்று கேட்டால் "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம் சார்" என்றுதான் வரும், கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் அது. நான் கேட்பது வேறு இரண்டு கேள்வி. "இதே மாதிரி கடைசியா எங்க செஞ்சீங்க, அங்க எத்தனை நாள் ஆச்சு?" முதலில் கொஞ்சம் யோசிப்பார். "அங்கயா... அங்க மழை வந்துருச்சு சார், அஞ்சு நாள் ஆச்சு." மழையோ வேறொன்றோ எங்கும் ஏதாவது வரத்தானே செய்யும்? அந்த அஞ்சை எழுதிக்கொள்வேன். அடுத்தது, "காலையில வந்ததும் முதல் வேலை என்ன, அதுக்கு என்ன வேணும்?" அப்போதுதான் கம்பி அளவு வரவில்லை, கட்டிங் மெஷின் ரிப்பேர் என்பதெல்லாம் வெளியே வரும்.

படித்தவர்கள் நாம் இதில் ஏமாற மாட்டோம் என்று நினைக்க வேண்டாம். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். நிஜத்தில் ஆனது 55.5 நாள். கெட்டதிலும் கெட்டதை நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிய எண்ணையே தாண்டிவிட்டார்கள். அவரவர் ஆய்வேடு, அவரவர் கை, நடுவில் எந்த எலக்ட்ரீஷியனும் இல்லை!

எண் இன்னொரு பக்கமும் தப்பாகும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம், தெற்கு ரயில்வே அதை மூன்றாக்கியது. பொறுப்பேற்ற ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. 46 நாளில் முடித்தார். வீரக்கதையாகவே இதைச் சொல்வார்கள், எனக்கு அதற்குள் இருக்கும் ஒரு சின்ன விஷயம்தான் பிடிக்கும். ஆரம்பத்தில் போட்ட கணக்கில் புது கர்டர்கள் செய்வதும் தொலைவிலிருந்து கொண்டுவருவதும்தான் நாளைத் தின்றன. பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்று மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கித் திரும்பப் பொருத்த முடிவானது. கிரிட்டிகல் பாத்தில் இருந்த மிக நீளமான வேலையே மாறிப்போனது. அந்தத் தகவல் எந்த ஆபீஸ் ஃபைலிலும் இருந்திருக்காது.

அடுத்த வருடம் உங்களுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் வரும். காசு கொடுத்து புராஜெக்ட் சென்டரில் வாங்கிவிடாதீர்கள், படித்த இந்தப் பாடத்தை ஓட்டிப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சைட் அதுதான். ஜீரோத் ரிவ்யூ முடிந்த அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள்: சென்சார் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர எத்தனை நாள், சொன்னது யார், கைடு ஒரு சாப்டரைத் திருத்தித் தர எத்தனை நாள், போன வருட சீனியருக்கு எத்தனை ஆனது, பைண்டிங் கடையில் மார்ச் கடைசி வாரக் கூட்டத்தில் எத்தனை நாள். பக்கத்திலேயே இன்னொரு பத்தி விடுங்கள், நிஜத்தில் ஆனதை எழுத. டீம்மேட் சொன்ன நாளையும் எழுதுங்கள், அவர் கோபித்துக்கொள்ளாத விதத்தில். உங்கள் பத்தியிலும் தப்பு இருக்கும், அதை முதலில் அவரிடம் காட்டினால் கோபம் குறையும்.

அப்புறம் உங்கள் அப்பா. சிரித்தாலும் அவரிடம் ஒரு பெர்ட் சூத்திரம் இருக்கிறது, எழுதிவைத்திருக்க மாட்டார், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் ஒரு நாள் என்றால் மனசுக்குள் எத்தனை என்று போட்டுக்கொள்கிறார், பிளம்பர் சொன்னால் எத்தனை, டைல்ஸ் ஒட்டுபவர் சொன்னால் எத்தனை, ஐப்பசியில் எத்தனை கூட்டுவார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். ஆள்வாரியாகத் தனித்தனி எண் வரும் என்று நினைக்கிறேன். எழுதிக்கொண்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எலக்ட்ரீஷியன் எண்ணை மட்டுமாவது.